பொண்ணுக்குக் கிராஸ் தெரியுமா?

எஸ்.டி.டி. பூத்தை அப்படியே போட்டுவிட்டு மெர்சியக்கா எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஒரு செருப்பை வாசலில் உதறினாள். இன்னொன்று காலோடு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"எழிலு, என்னையப் பொண்ணு பாக்க வாராங்க புள்ள!"

"யாருக்கா?"

"கோத்தகிரி பஸ்ஸு!"

கோத்தகிரி பஸ் என்றால் அதன் கண்டக்டர் ஜெரோம். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்தான் பூத். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பில் கிழித்துக் கொடுப்பது மெர்சியக்காவின் வேலை. கண்ணாடி வழியாகக் கோத்தகிரி பஸ்ஸைப் பார்ப்பது அவள் தானாக எடுத்துக்கொண்ட வேலை. ஒருநாள் ஒரு பெரியவர் ஆட்டுக்குட்டியோடு பஸ்ஸில் ஏறினாராம். படியிலேயே நின்றுவிட்ட ஆட்டுக்குட்டியிடம் ஜெரோம் குனிந்து, "ஏனுங்க, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்றாராம்.

"ஆட்டுக்கே ‘ங்க’ போடற மனுசன், பொண்டாட்டிய எப்படிக் கூப்புடுவாரு? யோசிச்சுப் பாரு" என்று மெர்சியக்கா என்னை உலுக்கினாள். யோசித்துப் பார்த்தேன். கீரைக்குப் பதிலாகக் காம்பைச் சட்டியில் போட்டுவிட்டேன்.

பூத் முதலாளி லட்சுமணசாமியண்ணன்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேசினார். கல்யாணம் பேசி அவருக்குப் பழக்கமில்லை. போன் அவரிடம் இருந்தது, அதுதான் தகுதி. அன்று சாயங்காலம் அவர் மெர்சியக்கா வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீடு என்பதால் நானும் போய்க் கதவு ஓரமாக நின்றுகொண்டேன்.

"பையனோட அம்மா கோத்தகிரில இருந்து பேசுனாங்க" என்றார். "அடுத்த ஞாயித்துக்கெழம உட்டு அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம, பூசை முடிஞ்சு வாராங்களாம். படிப்பு, நகை ஒண்ணும் கேக்கலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. பொண்ணுக்குக் கிராஸ் தெரியுமான்னாங்க."

மெர்சியக்காவின் அம்மா கிருபா அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "இதென்னங்க கேள்வி? ஞானஸ்நானம் வாங்குன புள்ளைக்குச் சிலுவை போடத் தெரியாதா? மெர்சி, போட்டுக் காட்டு கண்ணு."

மெர்சியக்கா நெற்றியில் தொடங்கித் தோள்வரை சரியாகப் போட்டுக் காட்டினாள்.

"அது இல்லீங்க, தையல் சமாச்சாரம். தையலப் பத்தித்தான் பேசிட்டிருந்தாங்க. லைன் வேற ஒரே இரைச்சல். கிராஸுன்னாங்க, அப்புறம் ‘கட்டு, கட்டு’ன்னாங்க. லைன் கட்டாகப் போகுதாட்ட இருக்குதுன்னு, ‘அதெல்லாம் நல்லாத் தெரியுமுங்க’ன்னு வேகமாச் சொல்லிப்போட்டு வெச்சுட்டேன்."

"தெரியும்னு சொல்லிப்போட்டீங்களா?"

"பின்ன? தெரியாதுன்னு சொன்னா வருவாங்களா?"

தையலில் கிராஸ் என்றால் என்ன என்று மெர்சியக்காவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. மாதா கோயில் சாமியார் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பூக்கூடை, சின்னச் சின்னப் பெருக்கல் குறியாகவே தைத்தது. "கிராஸ் ஸ்டிச்சு! அதான்!" என்று கை தட்டினாள். சட்டைப் பித்தான் அறுந்தால்கூடத் தைக்காமல் ஊக்கு குத்தி ஓட்டுகிறவள் அவள்.

"எனக்கு அவருதான் வேணும் எழிலு" என்றாள் என்னைத் தனியாகப் பின்கட்டுக்கு இழுத்துப்போய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் பிடித்த என் மணிக்கட்டை விடவில்லை. "ஒரு தையலுக்காக அவர உடமாட்டேன். ரெண்டு வாரத்துல கத்துக்கலாம். நீயும் வா."

தையல் சாமான் எல்லாம் கோயமுத்தூரில் கிராஸ்கட் ரோட்டில் கிடைக்கும் என்று லட்சுமணசாமியண்ணனே வழி சொன்னார். காந்திபுரத்தில் இறங்கி, கிராஸ்கட் ரோடு என்று பெரிதாக எழுதியிருந்த பலகைக்குக் கீழேயே நின்று, ஒருவருக்கொருவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டோம். அந்தப் பலகை எங்களுக்கு ஏதோ சொல்ல வந்தது என்று அப்போது தோன்றவே இல்லை.

கடையில் இருந்தவர் மேட்டி துணியை எடுத்து விரித்தார். சாதாரணத் துணி மாதிரி இல்லை. கட்டம் கட்டமாக நெய்து, ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஊசி போகிற அளவுக்குக் கண் இருந்தது. ஊசியோ மொட்டை ஊசி. மெர்சியக்கா அதை விரலில் அழுத்திப் பார்த்து, "குத்தாத ஊசியா? எனக்குன்னே செஞ்சாப்புல இருக்கு" என்றாள். மஞ்சள், ஆரஞ்சு, நீலம், பச்சை என்று நூல் வாங்கினோம். கூடவே ஒரு அச்சடித்த தாளும் கொடுத்தார். அதில் கழுத்தில் நீல ரிப்பன் கட்டிய ஒரு வாத்து. கட்டம் போட்டு எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டியிருந்தது. பக்கத்தில் செய்முறை, முழுக்க இங்கிலீஷ்.

ஒன்பதாவது வரை போனவள் நான்தான் என்பதால் படிக்கிற வேலை எனக்கு வந்தது. அடுத்த நாள் பூத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எழுத்துக்கூட்டினேன்.

"டு... நாட்... மேக்... எ... நாட்."

"என்னங்குது?"

"நாட்டுன்னா கூடாதுன்னு அர்த்தம்க்கா. ஆனா நாட்டு ரெண்டு தடவ வருது."

"ரெண்டு தடவ வேண்டாம்னா வேணும்னுதான?"

"ஒரு நாட்டுக்கு முன்னாடி கே போட்டிருக்கு."

"அச்சடிச்சவன் தூங்கிட்டான். உடு."

ஆக, எது கூடாது என்று தெரியாமலே, நூல் நுனியில் கனமாக முடிச்சுப் போட்டுத் தொடங்கினோம். நூல் ஆறு இழை. அப்படியே கோக்கப் பார்த்தோம். ஊசிக் கண்ணில் போகவில்லை. மெர்சியக்கா எச்சில் தொட்டு, பல்லால் கடித்து, மூச்சைப் பிடித்துத் திணித்துவிட்டாள். தைத்தால் ஒவ்வொரு தையலும் கம்பளிப்பூச்சி மாதிரி துணியின் மேல் எழுந்து நின்றது. வாத்தின் அலகு மட்டும் முடித்தோம். வாத்துக்கு அம்மை போட்டிருந்தது.

தாளை மறுபடி பார்த்தபோதுதான் ஒரு ஓரத்தில் சின்னப் படம் கண்ணில் பட்டது. நூலில் முடிச்சு, அதன் மேல் ஒரு பெரிய பெருக்கல் குறி. முடிச்சுத்தான் கூடாதாம். நூல் நுனியைப் பின்பக்கம் விட்டு, வருகிற தையல்களுக்கு அடியிலேயே அமுக்கிக்கொண்டு போக வேண்டுமாம். இழையும் இரண்டு போதுமாம்.

"கல்யாணத்துக்குக் கத்துக்கறோம், எடுத்தவொடனே முடிச்சுப் போடாதங்குது பாரு" என்று மெர்சியக்கா தாளைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், உள்ளே பொள்ளாச்சிக்குப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் கதவைத் திறந்து, "ஏனம்மணி, கொஞ்சம் மெதுவாச் சிரிங்க, அங்க என்ன விசேசம்னு கேக்கறாங்க" என்றார்.

அதற்கப்புறம் கை வந்தது. கட்டத்தின் கீழ் இடது மூலையில் ஊசியை மேலே எடுத்து, மேல் வலது மூலையில் இறக்கணும். அப்படியே வரிசை முழுக்க ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டே போகணும். பார்த்தால் சாரல் அடிக்கிற மாதிரி இருக்கும். வரிசை முடிந்ததும் வந்த வழியே திரும்பி, ஒவ்வொரு சாய்வின் மேலும் எதிர்ச் சாய்வு போட வேண்டும். சாரல் எல்லாம் ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறியாக மாறும். இழுத்தால் துணி சுருங்கும், விட்டால் நூல் தொங்கும், மெத்தென்று உட்கார்கிற இடத்தில் நிறுத்த வேண்டும்.

எனக்கு அந்தக் குறியை நன்றாகத் தெரியும். என் கணக்கு நோட்டு முழுக்க வாத்தியார் சிவப்பில் அதைத்தான் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நின்றேன். இப்போது அதையே நான் மஞ்சளில் வரிசை வரிசையாகப் போட்டேன். எத்தனை போட்டாலும் யாரும் முட்டி போடச் சொல்லவில்லை. குஷியில் மூன்று வரிசை கூடுதலாகப் போட்டு, வாத்துக்குத் தொப்பை வந்து, பிரித்தேன்.

இரண்டாவது வாத்தை மெர்சியக்கா துணியின் மேல் மூலையிலிருந்து தொடங்கினாள். வாலில் ஆரம்பித்து முதுகு, கழுத்து என்று ஏறிக்கொண்டே போனது. கழுத்து முடிகிற இடத்தில் துணி முடிந்துவிட்டது.

"தல எங்கக்கா?"

"அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்குது."

"கழுத்தே பாதிதான் இருக்கு."

"வெக்கப்படுது புள்ள. பொண்ணு பாக்க வந்திருக்காங்க இல்ல?"

துணியை நாலாக மடித்து, மடிப்பு விழுகிற நடு இடத்திலிருந்து தொடங்கினால் படம் நடுவில் உட்காரும் என்பதும் தாளில் இருந்திருக்கிறது. ‘சென்டர்’ என்ற சொல்லை நான் சென்னை என்று படித்து, இது சென்னைக்காரர்களுக்குச் சொன்னது என்று தாண்டிப் போயிருந்தேன்.

மூன்றாவது வாத்துக்கு நேரம் குறைவு. மெர்சியக்காவுக்குப் பகலெல்லாம் பூத். அதனால் தலையும் ரிப்பனும் அவள், உடம்பும் காலும் நான் என்று பிரித்துக்கொண்டோம். ஒரு மத்தியானம் சுவரில் சாய்ந்து, மடியில் வைத்து, மளமளவென்று ஒரு இறக்கை முடித்துவிட்டேன். எங்கள் அம்மா கூப்பிட்டாள். எழுந்தேன். வாத்தும் என்னோடு எழுந்தது. நைந்துபோன பாவாடையோடு சேர்த்துத் தைத்திருந்தேன். மெர்சியக்கா வந்து பார்த்து, தரையில் உட்கார்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தாள். "அப்படியே இருந்துக்க எழிலு. ஞாயித்துக்கெழம நீ முன்னால நின்னாப் போதும்." பாவாடையில் ஓட்டை விழாமல் பிரித்தெடுக்க அரை நாள் ஆயிற்று.

முடிந்த வாத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது ஒன்று தெரிந்தது. தலை ஒரு மாதிரி மினுங்கியது, உடம்பு வேறு மாதிரி. மெர்சியக்காவுக்கு இடது கைப்பழக்கம். என் தையலில் மேலே விழுகிற சாய்வு ஒரு பக்கம், அவளுடையதில் மறுபக்கம். மேல் சாய்வு எல்லாம் ஒரே பக்கம் விழ வேண்டும் என்பது இந்தத் தையலின் முதல் பாடமாம். எங்களுக்கு அது கடைசியில் கிடைத்தது.

"இடது கைன்னு மட்டும் அவங்ககிட்ட மூச்சு உட்ராத" என்றாள் கிருபா அத்தை. "வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும்னு சொல்லிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜெரோமின் அம்மா உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு முனகல் முனகியது. பக்கத்தில் ஜெரோம், விசிலும் பையும் இல்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாதவராக இருந்தார். லட்சுமணசாமியண்ணன் புது வேட்டியில் வந்திருந்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால். புது ஆள் யாராவது வந்தால் என் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். மெர்சியக்கா காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, சட்டம் போட்ட வாத்தை எடுத்து முந்தானைக்குள் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜெரோமின் அம்மா காப்பியை முடித்துவிட்டு, கட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். மாம்பழ மஞ்சளில் ரவிக்கைத் துணி. அதன் மேல் மடித்து வைத்த பழைய அளவு ஜாக்கெட்.

"கோத்தகிரில இருக்கற டெய்லரெல்லாம் பாத்தாச்சு அம்மணி" என்றார். "துணியச் சாய்வா வெட்டித் தெய்யின்னு, கிராஸ் கட்டு ஜாக்கெட்டுக்குக் குடுத்தா சாதாவாத் தெச்சுத் தாரான். ஏன்டா புடிக்குதுன்னு கேட்டா உங்க ஒடம்பு சரியில்லீங்கறான். இந்த அண்ணன் போன்ல, பொண்ணுக்குக் கிராஸ் கட்டு நல்லாத் தெரியும்னாரு பாரு, அன்னைக்கே பாதி முடிவு பண்ணிப்போட்டேன். இந்தா கண்ணு. அவசரமில்ல, பொறுமையாத் தெய்யி."

லட்சுமணசாமியண்ணன் மெல்லக் கேட்டார்: "அந்தக் கட்டு... லைன் கட்டு இல்லீங்களா?"

"எந்த லைனு?"

கிருபா அத்தை நடுவில் பாய்ந்தாள். "தெச்சுருவா, தெச்சுருவா, ரெண்டே நாள்ல—"

மெர்சியக்கா ஜெரோமைப் பார்த்தாள். அந்தத் துணியை வாங்கி வைத்துக்கொண்டால் போதும், கல்யாணம் முடிந்த மாதிரி. மேட்டுப்பாளையத்தில் டெய்லருக்கா பஞ்சம்? அவள் கையை நீட்டினாள்தான். நீட்டிய கை பாதியில் நின்றது. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது சிரிப்பு. வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், "கட்... கட்..." என்பதற்கு மேல் வரவில்லை.

"என்னாச்சு இந்தப் புள்ளைக்கு?" என்று ஜெரோமின் அம்மா எழப் பார்த்தார். முகம் மாறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் பொட்டலம் பைக்குள் போய்விடும், பை படியிறங்கிவிடும். மெர்சியக்கா என்னைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து நான் எப்படி நடு வீட்டுக்கு வந்தேன் என்று இப்போதும் தெரியாது.

"அக்காவுக்கு ஜாக்கெட் தைக்கத் தெரியாதுங்க" என்றேன். "வாத்துதானுங்க தெரியும்."

"எது?"

"வாத்துங்க."

ஜெரோமுக்குப் புரை ஏறியது. நான் நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று பயந்து, லைன், கட்டு, கிராஸ்கட் ரோடு, முடிச்சு, தலையில்லாத வாத்து, பாவாடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பாவாடையைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மெர்சியக்கா வாத்தை நீட்டினாள்.

ஜெரோமின் அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "தல ஒரு மாதிரி மினுங்குது, ஒடம்பு ஒரு மாதிரி இருக்குதே?"

"வெளிச்சத்துல அப்படித்தானுங்க" என்று கிருபா அத்தை தொடங்கினாள்.

"தல நானுங்க, ஒடம்பு எழிலுங்க" என்றாள் மெர்சியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் இடது கைக்காரிங்க."

கிருபா அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நானும் டிக்கெட்டு இடது கைலதான் கிழிப்பனுங்க" என்றார் ஜெரோம். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை.

"தெரியுமுங்க" என்றாள் மெர்சியக்கா, பட்டென்று.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. காது வரைக்கும் சிவந்து, வாத்தை மறைத்திருந்த முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜெரோம் கூரையில் எத்தனை ஓடு இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். அவர் அம்மா இவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டின் ஓரம் துடித்தது.

"எனக்காகவா இதக் கத்துக்கிட்ட?"

"நீங்க கேட்டீங்கன்னுதானுங்க."

"நான் கேக்கலையே கண்ணு."

"கேட்டதா நெனச்சுட்டனுங்க." மெர்சியக்கா முந்தானையை இறக்கினாள். "ஜாக்கெட்டும் கத்துக்கறனுங்க. ஆனா மொதல்ல ஒண்ணு ரெண்டு கெட்டுத்தான் போகும். இப்பவே சொல்லிப்போடறேன்."

ஜெரோமின் அம்மா மஞ்சள் துணியைத் தடவிப் பார்த்தார். நல்ல துணி. அதைப் பைக்குள் வைத்தார். பிறகு அளவு ஜாக்கெட்டை மட்டும் எடுத்து மெர்சியக்காவின் கையில் வைத்தார்.

"இத வெச்சுக்க. பழைய வேட்டித் துணில கெடுத்துக் கெடுத்துப் பழகு. நல்லா வந்தப்புறம் அந்த மஞ்சத் துணியத் தாரேன்." வாத்தைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, கிருபா அத்தையின் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, கை எங்க கழுவறது?"

பெண் பார்க்க வந்த வீட்டில் எங்கள் பக்கம் காப்பி குடிப்பார்கள், முறுக்கைக் கடிப்பார்கள். பிடித்துப்போனால் மட்டும்தான் கை நனைத்துச் சோறு தின்பார்கள். கை எங்கே கழுவுவது என்று கேட்டுவிட்டால் அதற்கு மேல் ஒரு சம்மதம் கிடையாது. கிருபா அத்தை "ஆண்டவரே" என்று கும்பிட்டாள். அடுத்த நொடியே அவள் முகம் வெளுத்தது. முன்கூட்டிச் சமைத்து வைத்தால் திருஷ்டி என்று அடுப்பையே பற்றவைக்கவில்லை. என் கையைப் பிடித்துக் கிள்ளி, "சோறு!" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஒரே ஓட்டம். எங்கள் அம்மா மாசாணியம்மாள் அப்போதுதான் கஞ்சி வடித்துவிட்டு நிமிர்ந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"என்னடி? என்னாச்சு மெர்சிக்கு?"

"சோறும்மா! சோறு!"

அந்த ஒரு சொல்லே அம்மாவுக்குப் போதும். சோற்றுப் பானையை இடுப்பிலும் பருப்புக் குழம்புச் சட்டியைத் துணி சுற்றிய கையிலும் தூக்கிக்கொண்டு, முந்தானையைக்கூடச் செருகாமல் எனக்கு முன்னால் ஓடினாள். அப்பளக் கட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.